லிட்டா அக்கா இளைத்த கதை

அந்த நாற்காலியில் உட்காராதே, ஜோவலின். அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்கார். மின்விசிறி இந்தப் பக்கம்தான் நன்றாக அடிக்கும்.

கைபேசியை மேசைமேலேயே வைத்துக்கொள். பதிவு செய்கிறாய் என்று தெரியும், தாராளமாகச் செய். ஆயிரக்கணக்கான பேர் பார்க்கப் பேசிப் பழகியவள் நான். மூன்று வீடு தள்ளி உன் அம்மாவை வைத்திருக்கிறார்கள். பிணத்துக்குக் காவல் இருக்கிறவர்கள் சீட்டாடிக்கொண்டே சண்டை போடுகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. ஹாங்காங்கிலிருந்து வந்து இறங்கியவள், பெட்டியைக்கூடத் திறக்காமல் என்னிடம் வந்திருக்கிறாய். என்ன கேட்க வந்திருக்கிறாய் என்பது தெரியாமல் இல்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு உங்களுக்குத் தெரியுமா ஃபெலி அக்கா?" அதுதானே? சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உனக்குப் புரியும்.

நான் பழைய துணி விற்பவள். கப்பலில் மூட்டை மூட்டையாக வருகிற வெளிநாட்டுத் துணி. துவைத்து, தேய்த்து, பட்டன் தைத்து, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நேரலையில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவேன். முதலில் 'மைன்', அதாவது 'எனக்கு', என்று எழுதுகிறவருக்குத் துணி. நம் சிலாய் ஊரில் மட்டும் இந்தத் தொழில் செய்கிறவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். போன வருடக் கடைசியில் என் நேரலையைப் பார்த்தவர்கள் முப்பத்தொரு பேர். அதில் இரண்டு பேர் என் தங்கைகள். ஒரு ஞாயிறு பச்சைப் பாவாடை ஒன்றை நாலு நிமிடம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தர்கூட ஓர் எழுத்துப் போடவில்லை. கை வலித்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை பெரிய உலகத்தில் நான் யாருக்கும் தேவையில்லை என்று நினைத்து அழுகையாக வந்தது.

ஜனவரியில் பக்கத்து நகரமான பகோலோடில் சிறு வியாபாரிகளுக்கு இலவச வகுப்பு ஒன்று நடந்தது, போனேன். வகுப்பெடுத்த பெண் சின்ன வயது, நல்ல மாதிரி. "பொருளை விக்காதீங்க, ஆளுங்களைச் சேருங்க," என்றாள். "உங்க குழுவுல இருக்கறவங்க உங்களுக்காக வரக்கூடாது. ஒருத்தர் இன்னொருத்தருக்காக வரணும். பொய் சொல்லாதீங்க, எதையும் ஜோடிக்காதீங்க. உங்ககிட்ட வாங்கறவங்கள்ல ஒருத்தரோட நிஜ வாழ்க்கையை எல்லாரும் கூட நின்னு பாக்கற மாதிரி செய்ங்க. அப்பதான் அது குடும்பம்." சாப்பாட்டு இடைவேளையில் அவளிடம் போய், எப்படிப்பட்ட ஆளாகப் பார்த்து எடுப்பது என்று கேட்டேன். மென்றுகொண்டே யோசித்தாள். "வாராவாரம் மாறிக்கிட்டே வர்றவங்களா பாருங்க அக்கா. மாற்றம் கண்ணுக்குத் தெரியணும்," என்றாள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவளை நீ போய்க் கேள்வி கேட்க வேண்டாம்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் உன் அம்மாவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "ஃபெலி, இந்தத் தடவை ரெண்டு அளவு சின்னதா எடுத்து வை. என்னன்னே தெரியல, பாவாடை இடுப்புல நிக்கவே மாட்டேங்குது."

துணி விற்கிறவளுக்கு ஊரின் உடம்பு தெரியும். யார் முழுகாமல் இருக்கிறாள், யார் புருஷனோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறாள், எல்லாம் அளவில் வந்துவிடும். உன் அம்மா பன்னிரண்டு வருடமாக ஒரே அளவு. மூட்டையில் எப்போதாவது வருகிற பெரிய அளவு அது. வந்தால் வேறு யாருக்கும் காட்டாமல் அவருக்கென்று ஒதுக்கி வைப்பேன். பள்ளிக்கூட நாளிலிருந்து தெருவில் அவரைத் 'தண்ணித்தொட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். நம் ஊரில் இரண்டு பேர் எதிரே எதிரே வந்தால் சௌக்கியமா என்றா கேட்கிறோம்? "என்னடி, இப்படி ஊதிட்டே?" என்போம். இல்லாவிட்டால் "இளைச்சிட்டியே, அழகா இருக்கே" என்போம். உன் அம்மாவுக்கு ஐம்பத்தாறு வருடமும் முதல் வகை மட்டும்தான் கிடைத்தது.

மறுநாள் துணிகளை எடுத்துக்கொண்டு நானே வீட்டுக்குப் போனேன். நான் இருந்த முக்கால் மணி நேரத்தில் ஐந்து தம்ளர் தண்ணீர் குடித்தார். நாலு தடவை பின்பக்கம் போனார். நானும் ஒருமுறை போனேன். கழிப்பறைத் தரையில் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

எறும்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது என் அம்மா இப்படித்தான் போனார். தண்ணீர், எறும்பு, இளைப்பு, ஐந்தே மாதம். கடைசி நாள் மருத்துவர் என்னைத்தான் திட்டினார். "சர்க்கரை இவ்வளவு ஏற விட்டுட்டு இப்ப வந்து நிக்கறே. ஒரு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா தினம் ஊசி போட்டுக்கிட்டு எழுபது வயசு வரைக்கும் இருந்திருப்பாங்களேம்மா," என்றார். அதனால் உன் கேள்விக்குப் பதில், ஆமாம். எனக்குத் தெரியும். பிப்ரவரியிலேயே தெரியும்.

அழுது முடி. எனக்கு அவசரமில்லை. தண்ணீர் அந்தக் கூஜாவில் இருக்கிறது.

அன்றைக்கு நான் எதையும் திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினார். "ஃபெலி, இங்க பாருடி. எனக்கு இடுப்பு இருக்கு," என்றார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதே இல்லை. ஒரு படம் எடுத்தேன். 'நம்ம லிட்டா அக்கா ரெண்டு அளவு குறைஞ்சுட்டாங்க' என்று ஒரே வரி எழுதிக் குழுவில் போட்டேன். அதில் பொய் ஏதாவது இருக்கிறதா, சொல். முப்பது பேர் எட்டிப் பார்க்கிற குழுவில் சாயங்காலத்துக்குள் நானூறு இதயம் விழுந்திருந்தது. முதல் இதயம் உன்னுடையது.

மார்ச் முதல் ஞாயிற்றிலிருந்து அவர் என் அறைக்கே வந்தார். துணியெல்லாம் காட்டி முடித்ததும், கடைசியாக உன் அம்மா புதுக் கவுனில் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வருவார். வாரம் ஒரு கவுன், என் அன்பளிப்பு. "அடியே லிட்டா, இனிமே என் புருஷனை உன் கண்ணுல காட்ட மாட்டேன்" என்று ஒருத்தி எழுதுவாள். "இப்படியே போனா மாப்பிள்ளை பாக்கணும்" என்று இன்னொருத்தி எழுதுவாள். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நாலாவது ஞாயிறு ஆயிரத்து நூறு பேர். ஆறாவது ஞாயிறு மூவாயிரம். வீட்டு வேலைக்குப் போன பெண்களெல்லாம் விடுமுறை நாளில் ஹாங்காங்கில் பாலத்துக்கு அடியில் அட்டையை விரித்து உட்கார்ந்து, ஆறு பேர் ஒரே கைபேசியில் தலையை முட்டிக்கொண்டு பார்க்கிற படத்தை நீ அனுப்பினாயே, அதை உன் அம்மா எல்லாருக்கும் காட்டினார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவரோடு தனியாக ஒரு மணி நேரம் பேசுவாய். அப்புறம் நேரலையில் பார்த்தாலே போதும் என்று ஆகிவிட்டது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவ்வளவு பேருக்கு நடுவில் பார்க்கும்போது அவர் நன்றாகத்தான் இருந்தார்.

இது வெறும் வியாபாரம் என்று நினைக்காதே. காற்றில் கூரை பறந்துபோன ஒருத்திக்குக் குழுவில் இருப்பவர்கள் தகரம் அனுப்பினார்கள். ஒன்பது வருடம் பேசாமல் இருந்த அக்காளும் தங்கையும் என் நேரலைக்குக் கீழே எழுதி எழுதியே சமாதானம் ஆனார்கள். பிறந்தநாள் என்றால் பெயர் சொல்லிப் பாடுவோம். யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. அந்த அன்பெல்லாம் நிஜம். உன் அம்மா மாறுவதைப் பார்க்க வந்த இடத்தில் ஒருத்தரை ஒருத்தர் கண்டுகொண்டார்கள்.

அவருக்குத் தாகம் அதிகமாகிக்கொண்டே வந்தது. வருகிற நேரத்துக்குக் குளிர்ந்த சோடாப் புட்டி நாலு எடுத்து வைப்பேன். ஆரஞ்சு நிறம்தான் அவருக்குப் பிடிக்கும். ஒரே மூச்சில் குடிப்பார். ஒருநாளும் நான் கணக்குப் பார்த்ததில்லை.

மாரிவிக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரியாத்தில் நர்ஸாக இருக்கிறாளே, அவள்தான். என் குழுவின் முதல் பத்துப் பேரில் ஒருத்தி. ஏழாவது ஞாயிறு, நேரலை நடக்கும்போதே எழுதினாள்: "லிட்டா அக்கா, இப்படி இளைக்கறது நல்லதுக்கில்ல. கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. நாளைக்குக் காலையில முதல் வேலையா சர்க்கரை பாருங்க. தயவுசெஞ்சு." உன் அம்மா அப்போது திரைக்குப் பின்னால் துணி மாற்றிக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் அதை நீக்கினேன். மாரிவிக் மறுபடி எழுதினாள். அவளையே நீக்கினேன். பிறகு கேமராவைப் பார்த்து, "அடுத்தவங்க சந்தோஷமா இருந்தா சிலருக்குக் கண்ணு உறுத்தும். நம்ம வீட்டுக்குள்ள அப்படி யாரும் வேணாம்," என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அரை மணி நேரத்தில் அவர்களே கண்டுபிடித்து அவளுடைய வலைப்பக்கத்துக்குப் போய், பொறாமைக்காரி, கல்யாணம் ஆகாதவள், வயிறெரிகிறவள் என்று ஐந்நூறு பேர் எழுதினார்கள். அதற்கு முன் அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்ததில்லை. உன் பெயரையும் அங்கே பார்த்தேன். 'என் அம்மாவைப் பத்திப் பேச நீ யாரு?' என்று கேட்டிருந்தாய்.

ஆனாலும் உனக்கு மனசு உறுத்தியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து எனக்கு எழுதினாய், "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லியே ஃபெலி அக்கா?" என்று. "உங்கம்மா இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல ஜோவலின்" என்று பதில் போட்டேன். நீ கைகூப்புகிற படம் ஒன்று அனுப்பினாய். பழைய செய்திகளை எடுத்துப் பார், இருக்கும். நீ கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை.

உன் அம்மாவும் ஒருமுறை கேட்டார். ஏப்ரல் கடைசி. கால் மரத்துப்போகிறது, கண் மங்குகிறது, சுகாதார மையத்தில் திங்கட்கிழமை சர்க்கரை பார்க்கிறார்களாம், போய் வரட்டுமா என்று. இந்த இடத்தைக் கவனமாகக் கேள். மற்றதெல்லாம் சின்ன விஷயம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "போங்க அக்கா, நான் வேணாம்னு சொல்லல," என்றேன். "ஆனா எங்கம்மா விஷயத்துல டாக்டர் சொன்னதைச் சொல்றேன். ஊசின்னு ஆரம்பிச்சா போன சதையெல்லாம் திரும்ப வந்துடும். பழைய உடம்பு ஆயிடும்."

அது உண்மை. எந்த மருத்துவரை வேண்டுமானாலும் கேட்டுப்பார்.

உன் அம்மா சுவரில் மாட்டியிருந்த அடுத்த வாரக் கவுனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மறுபடி தண்ணித்தொட்டின்னு கூப்பிடுவாங்க, இல்ல?" என்று கேட்டார். "ஐயாயிரம் பேரு பாத்துட்டாங்களே அக்கா, இனிமே கூப்பிட்டா இன்னும் சத்தமாத்தான் கூப்பிடுவாங்க," என்றேன். திங்கட்கிழமை அவர் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு இரண்டு வாழைப்பழ வறுவல் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை, பசியில்லை என்றார்.

பதினோராவது ஞாயிற்றைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும்? நீ பார்த்தது முன்பக்கம்தானே. நீலக் கவுன். என்னிடம் இருந்ததிலேயே சின்ன அளவு அது. அதுவும் தொங்கியது. முதுகுப் பக்கம் துணி காயப்போடுகிற கிளிப் ஒன்பது மாட்டி இழுத்துப் பிடித்திருந்தேன். ஒரு மணிக்கு வந்தவர் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். மூச்சு வாங்கியது. மூச்சில் கனிந்து அழுகிய பழ வாசனை. என் அம்மாவிடமும் கடைசி நாள் அந்த வாசனைதான் வந்தது. "ஃபெலி, இன்னிக்கு வேணாம்டி. முடியல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயேன்," என்றார்.

வாசலிலேயே வாடகைக்கு ஓடுகிற டிரைசிக்கிள் நின்றது. ஓட்டுகிறவன் உள்ளே எட்டிப் பார்த்து, "யாராவது வர்றீங்களா அக்கா?" என்று கேட்கவும் கேட்டான். இப்போது இல்லை என்று அனுப்பினேன். மணி இரண்டே முக்கால். ஆறாயிரத்து இருநூறு பேர் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்கள். "அரை மணி நேரம் அக்கா. உங்களுக்காகத்தான் எல்லாரும் உக்காந்திருக்காங்க. ஜோவலினும் வந்துட்டா," என்றேன். உன் பெயரைச் சொன்னதும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உதட்டுச் சாயம் கேட்டார், நான்தான் போட்டுவிட்டேன். நிற்க முடியாததால் உட்கார வைத்தேன். நீ பார்த்தாயே, இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே, அது நடிப்பில்லை. உன் பெயர் திரையில் வந்ததும்தான் சிரித்தார். 'என் ராணி' என்று எழுதியிருந்தாய்.

நேரலை ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஓடியது. நான் சொன்ன அரை மணி நேரத்துக்கு மேலே போய்விட்டது, அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முடிந்ததும் சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டார். கூப்பிட்டேன், எழவில்லை. ஐந்து மணிக்கு நானே டிரைசிக்கிள் பிடித்து, மடியில் தலையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே கேட்டார்கள், எத்தனை நாளாக இப்படி என்று. மூன்று மாதம் என்று சரியாகத்தான் சொன்னேன். எழுதிக்கொண்ட பெண் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு உயிர் போய்விட்டது.

ஒன்பது நாள் ஜெபத்தைக் குழுவிலேயே நடத்தலாம் என்று அவர்களாகவே கேட்டார்கள். இன்று நாலாம் நாள். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெபமாலையோடு பன்னிரண்டாயிரம் பேர் வந்து உட்காருகிறார்கள். அவ்வளவு பேர் அழுகிறார்கள், ஜோவலின். எழுத்தெல்லாம் ஓடி ஓடிப் போகிறது, படிக்கவே முடிவதில்லை. மாரிவிக் வேறு பெயரில் வந்து என்னைக் கொலைகாரி என்று எழுதினாள். நான் நீக்குவதற்கு முன்னால் மற்றவர்களே அவளை விரட்டிவிட்டார்கள். நாளைக்கு நீ வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கறுப்பில் உனக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். உன் அளவு எனக்குத் தெரியும்.

சரி, கவுனை உள்ளே வைத்துவிடுகிறேன். அதை அப்புறம் பேசலாம்.

இப்போது நீ கேட்டாயே, இதை மட்டும் இவ்வளவு மெதுவாகக் கேட்டாய். "பிப்ரவரியிலேயே சொல்லிருந்தா எங்கம்மா பொழச்சிருப்பாங்களா?"

பிழைத்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினம் வயிற்றில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு, பழைய உடம்போடு, பழைய பெயரோடு, மூன்றாவது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுபது, எழுபத்தைந்து வயது வரைக்கும் இருந்திருப்பார். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். நான் திறக்கவில்லை. நான்தான் அவரைச் சாக விட்டேன்; வேண்டுமானால் கொன்றேன் என்றே வைத்துக்கொள், உன் கைபேசியில் பதிவாகட்டும். ஆனால் நீயே ஒன்று சொல்லிவிட்டுப் போ. அப்படி அவர் உயிரோடு இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவரைப் பார்க்க யார் வந்திருப்பார்கள்?